கடைக்குட்டி

யாழ்ப்பாணத்தில் மலையில்லை.
ஆனபடியால் நாங்கள்
சீமெந்துப் பையைக் கசக்கி மலை செய்கிறோம்,
கரித்தூளும் கஞ்சியும் பூசி.
மீன் ரின்னில் பயறு முளைக்கவைத்தால்
பெத்லகேமுக்குப் புல்.
பாசையூர்க் கடற்கரை மணலைக்
கழுவாமல் கொட்டினால்
மூன்றாம் நாள் இடையர்களின் காலில்
உப்புப் பூக்கும். அது அனுபவம்.

சுரூபங்கள் பதினொன்று.
நான் பிறக்க முதல், ஐயா கப்பலில் போன காலம்
நேப்பிள்ஸில் வாங்கினது.
என்ன விலை என்று
அம்மாவுக்குக் கடைசிவரை சொல்லவில்லை.
ஒட்டகம் வாங்கக் காசு காணவில்லைப்போல;
எங்கள் ராசாக்கள் நடந்துதான் வருகிறார்கள்.

முழு ஊரும் நாவற்குழிப் பாலத்தில்
மழைக்குள் நின்ற அந்த ஐப்பசி இரவு
பதினொரு பேரும் அரிசிப் பானைக்குள்.
பானை அம்மாவின் தலையில்.
ஆரோ இடித்து, ஆரோ விழுந்து,
சாவகச்சேரியில் கவிழ்த்துப் பார்த்தால்
சூசையப்பருக்கு இடக்கை இல்லை.
அரிசியை மூன்று தரம் புடைத்தோம்.
கை அகப்படவில்லை.
அரிசியைச் சமைத்துத் தின்றோம்.
“தச்சன்தானே, செய்து பூட்டுவார்” என்றார் ஐயா.
இன்னும் பூட்டவில்லை.

வீட்டில் ஒரு வழக்கம்.
நத்தார் இராத்திரிவரை
பாலன் சீனிப் போத்தலுக்குள் படுத்திருப்பார்
(மூடி இறுகின போத்தல், எறும்பு ஏறாது).
சாமப்பூசையால் வந்ததும்
கடைக்குட்டி எடுத்துத்
தீவனத் தொட்டியில் கிடத்தவேண்டும்.

கடைக்குட்டி நான்தான்.
எனக்கு நாற்பத்தொன்பது.

மெற்றில்டா அக்காவின் பிள்ளைகள் மொன்றியலில்,
இன்னாசி அண்ணையின் மகன் பேர்கனில்.
போனுக்குள் இருந்து கை காட்டுவார்கள்;
அந்தக் கையில் பாலனைக் கொடுக்க ஏலாது.
ஆகவே ஒவ்வொரு வருடமும்
முழங்கால் நோவோடு குந்தி நானே கிடத்துவேன்.
ஐயா கைதட்டுவார்,
எனக்கு ஐந்து வயது மாதிரி.

விசுவாசம் இருக்கிறதா என்று
கேளாதையுங்கோ.
விசுவாசப் பிரமாணத்தில் ஓரிரண்டு வரிக்கு
எனக்கு இருமல் வரும்.
மார்கழி பிறந்தால் மட்டும்
கை தன்பாட்டில் சீமெந்துப் பை தேடும்.

இந்த முறை
பூசை முடிந்த வெடிச்சத்தத்தில்
முன்னறையில் வாடகைக்கு இருக்கிற
சுகிர்தாவின் மகள் எழும்பிவிட்டாள்.
துவாரகி. நாலு வயது.
நெற்றியில் பின்னேரத்துத் திருநீறு
தலையணையில் பாதி போய், பாதி மிச்சம்.

ஐயா கதிரையில் நிமிர்ந்தார்.
“வீட்டில ஆகச் சின்னது ஆர்?”
வருடாவருடம் கேட்கிற கேள்வி.
நான் வாய் திறக்க முதல்
“நான்” என்றாள் அவள்.

உண்மைதானே.
மறுக்க என்ன இருக்கிறது?

சீனி ஒட்டின பாலனைக் கொடுத்தேன்.
முதலில் ஒரு நக்கு.
சுகிர்தா தன் தலையில் அடித்துக்கொண்டாள்.
ஐயா சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றது.
பிறகு தொட்டியைப் பார்த்தாள்,
வைக்கோலை விரலால் அமத்தினாள்.
“குத்தும்.”

மாதாவின் இரண்டு கையும் கும்பிட்டபடி.
ராசாக்களிடம் பெட்டி.
இடையனிடம் தடி.
சூசையப்பரின் வலக்கையில் லாந்தர்,
இடப்பக்கம் ஒன்றுமில்லை:
தோள், பிறகு அங்கியின் மடிப்பு.
முப்பது வருடமாய்
ஆரும் காணக்கூடாதென்று
சுவர்ப்பக்கம் திருப்பிவைக்கிற பக்கம்.

அவரைத் திருப்பி,
அந்த இடைவெளிக்குள் பாலனைச் செருகினாள்.
அளவெடுத்ததுபோல் இருந்தது.

எடுத்துச் சரியாய் வைக்கப் போனேன்.
“விடு” என்றார் ஐயா, பல் இல்லாமல்.

விடிய மெற்றில்டா அக்கா எடுத்தாள்.
“என்னடி, தொட்டி வெறுமையாக் கிடக்கு?”
“பிள்ளை அழுதது,
தகப்பன் தூக்கி வைச்சிருக்கிறார்.”
போனைக் கிட்டப் பிடித்துக் காட்டினேன்.

கனநேரம் அவள் பேசவில்லை.
பிறகு,
பயறு இந்த முறை நல்லாய் முளைச்சிருக்கு
என்றாள்.